பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

சிக்னல்களும் சிஸ்டங்களும் என்ற பாடத்தைப் பணிக்காலம் முழுக்க அரசு பாலிடெக்னிக் ஒன்றில் நடத்தினேன். அதன் முதல் அத்தியாயம் மிக எளிது. எளிது என்பதாலேயே அதை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் பெரிய கணக்குகளை எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள், தேர்வறையில் கொட்டுவார்கள், வாசலைத் தாண்டுவதற்குள் மறப்பார்கள். அப்படி மறந்தவர்கள் பழுது பார்த்த யுபிஎஸ்ஸை நம்பித்தான் என் வீட்டு மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த முதல் அத்தியாயம் சொல்வது இவ்வளவுதான். சாயப்பட்டறைத் தொட்டியில் இருக்கும் தண்ணீருக்கு எந்த நொடியிலும் ஏதோ ஒரு சூடு இருக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றாலும் இருக்கும், டீ குடிக்கப் போனாலும் இருக்கும். அது தொடர்நேர சிக்னல். பட்டறை மாஸ்டர் அவ்வப்போது வந்து வெப்பமானியைப் பார்த்துப் பலகையில் எழுதிவிட்டுப் போகும் எண்கள் தனிநேர சிக்னல். இரண்டு எண்களுக்கு நடுவில் அந்தத் தனிநேர சிக்னல் என்னவாக இருந்தது என்று வகுப்பில் கேட்பேன். பாதிப் பேர் சுழி என்பார்கள். மீதிப் பேர், கடைசியாக எழுதியது எதுவோ அதுதான் என்பார்கள். இரண்டும் தவறு. நடுவில் நடந்தது பற்றி அந்த எண்களுக்கு எதுவும் தெரியாது. ‘தெரியாது’ என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். அப்படி எழுதியவர்கள் மிகச் சிலர். தெரியாததைத் தெரியாது என்று எழுதும் பழக்கத்தை நம் பள்ளிக்கூடங்கள் முளையிலேயே கிள்ளி விடுகின்றன.

சிஸ்டம் என்பது ஒன்றை உள்ளே வாங்கி இன்னொன்றை வெளியே தருவது. அதில் நினைவுள்ளது, நினைவற்றது என்று இரண்டு வகை. நினைவுள்ள சிஸ்டம் இன்றைக்குத் தரும் பதிலில் நேற்றைய கதையும் கலந்திருக்கும். நினைவற்றதோ இந்த நொடியில் கொடுத்ததை வைத்து இந்த நொடியில் பதில் சொல்லிவிடும். என் மனைவியின் தம்பி முதல் வகை. என் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு ரசம் இரண்டாம் முறை வரவில்லை என்பதை அவன் இன்றும் சொல்வான். அவனுடைய மகன் இரண்டாம் வகை. நேற்று ஒப்புக்கொண்டதை இன்று புதிதாகக் கேட்டு வியப்பான்.

மச்சினன் எங்கள் ஊரின் மண்ணரைப் பகுதியில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் இருந்த குடும்பம். கிணறு வற்றிய பிறகு ஓவர்லாக் தையல் மிஷின் வாங்கினார்கள், மிஷின் வற்றவில்லை. மகன் வெளிநாட்டில் நிர்வாகவியல் படித்துத் திரும்பியவன். திரும்பியதும் செய்த முதல் வேலை, டெய்லர்களுக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கி வைக்கும் கைமடி ஆட்களை எடுத்துவிட்டதுதான். அது வீண் செலவு என்று ஏதோ ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டாவதாக, தையல் ஹாலில் ஒரு பெட்டியை மாட்டினான்.

பெட்டியின் திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், பெட்டிக்குப் பொட்டு வைத்தார்கள். மகன் மைக் பிடித்தான். “இனிமேல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிக்கும். ஒரு மணி அடிச்சு அடுத்த மணி அடிக்கறதுக்குள்ள ஒரு கட்டு. மணி அடிக்கறப்போ கட்டை முடிச்சு எந்திரிச்சு, ரேக்குல வெச்சுட்டு அடுத்த கட்டை எடுத்துக்கணும். எல்லாரும் ஒரே தாளத்துல இருந்தா ப்ரொடக்‌ஷன் தானா ஏறும்.”

வெட்டிய துணியைச் சம அளவாகச் சேர்த்துக் கட்டுவதுதான் கட்டு. கைமடி இல்லாததால் அதை எடுப்பதும் வைப்பதும் இப்போது டெய்லரின் வேலை. மகன் சொன்னதை மேற்பார்வையாளர் இன்னும் சத்தமாகத் திரும்பச் சொன்னார். வடக்கத்திக்காரர்களுக்கு ஒருவர் இந்தியில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். பொரி, கடலை கொடுத்தார்கள்.

பெட்டியிலேயே ஒரு கேமராவும் இருந்தது. அதைப் பற்றி மைக்கில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னான். “யார் வேலை பாக்கறாங்க, யார் சும்மா நிக்கறாங்கன்னு அதுவே கண்டுபிடிச்சுரும் மாமா.”

“எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கும் கண்ணு?”

“அது ஏஐ மாமா.”

“சரி. எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?”

“மாமா, அதெல்லாம் ப்ரோக்ராமர் பாத்துக்குவாருங்க. நீங்க ஜிலேபி சாப்பிடுங்க.”

ஜிலேபி சாப்பிட்டேன்.

சில மாதங்கள் கழித்து மச்சினன் ஒரு ஃபைலை இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். காபியைக் கையில் வாங்கியதும் விஷயத்துக்கு வந்தான்.

“ஏனுங்க மச்சான், ஒரு என்கொயரி நடத்தணுமுங்க. பேருக்குத்தானுங்க. வெளியாளு ஒருத்தர் விசாரிச்சு எழுதினாத்தான் பையர்காரன் ஒத்துக்குவானாம். நம்ம இஷ்டத்துக்கு ஒருத்தரை வேலைய உட்டு அனுப்பக் கூடாதாம்.”

“நான் வெளியாளா?”

“கம்பெனில சம்பளம் வாங்கலீல்லங்க? அப்புறம் என்ன.”

சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் இப்படி ஒரு புத்தகமே கொடுத்திருக்கிறார்கள். குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம் கேட்கும் கடிதம், விசாரணை, சாட்சி, முடிவு, உத்தரவு. எனக்கு அதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பாலிடெக்னிக்கில் விடுதி உப்புமா முதல் ஆய்வகத்தில் காணாமல் போன மீட்டர் வரை நான் உட்காராத விசாரணைக் குழு கிடையாது. எந்தக் கடிதத்துக்கு எத்தனை நகல், எந்த நகல் யாருக்கு என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஃபைலைத் திறந்தேன். குற்றச்சாட்டு இருந்தது. அதற்கு அடியில், தேதிக்கு மட்டும் இடம் விட்டு, வேலைநீக்க உத்தரவும் தயாராக இருந்தது. என் பாடத்தில் இதற்கும் ஒரு வகை உண்டு. உள்ளே எதுவும் போவதற்கு முன்பே வெளியே பதில் வந்துவிடும் சிஸ்டம். இயற்கையில் அப்படி ஒன்று இருக்க முடியாது, காகிதத்தில் மட்டுமே சாத்தியம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். காகிதம் என்றுதானே சொன்னேன், தவறில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர் ஃபிளாட்லாக் மிஷினில் பனியனின் அடிமடிப்புத் தைக்கும் அம்மா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவர் லாரியில் போகிறவர், மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் இருப்பார். கம்பெனிக் காம்பவுண்டுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் இவரும் மகளும் இருந்தார்கள். வேலையில் இருக்கும் வரைதான் அந்த வீடு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

டெய்லருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை. இந்த கேட்டை விட்டு இறங்கினால் அடுத்த கேட்டில் கூப்பிடுவார்கள். ஆனால் வாடகைக்கு வீடு பிடிப்பது வேறு கதை. முன்பணம், சாதி, கறி சமைப்பீர்களா என்ற விசாரணை எல்லாம் தாண்டி, பரீட்சை நேரத்தில் அந்தப் பெண்ணைப் புத்தக மூட்டையோடு எங்கே கொண்டுபோய் வைப்பது? என் கையெழுத்துக்கு அடியில் இருந்தது அதுதான்.

“குற்றம் என்ன மாப்ளே?”

“எப்பப் பாத்தாலும் நிக்கறாங்களாமுங்க. படம் படமா இருக்குதுங்க.”

முதல் விசாரணை சாம்பிள் ரூமில் நடந்தது. சுற்றிலும் தொங்கும் பனியன்களுக்கு நடுவே மேசை போட்டிருந்தார்கள். கம்பெனி தரப்பில் மகன் லேப்டாப்போடு உட்கார்ந்தான். மேற்பார்வையாளர் சாட்சி. அந்த அம்மா கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னேன். தயங்கினார். “இந்தப் படத்துலயும் நின்னுட்டு இருக்க வேண்டாம், உக்காருங்கம்மா” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. விசாரணையில் அதிகாரி சொல்லும் நகைச்சுவைக்குச் சிரிக்க வேண்டும் என்ற விதியை அந்தப் புத்தகத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

மகன் படங்களை ஓட்டினான். முதல் படத்தில் ஹால் முழுக்க டெய்லர்கள் மிஷின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். அந்த அம்மா மட்டும் கையில் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம், மற்றவர்கள் தவம் செய்வதுபோலக் குனிந்திருக்க, இவர் மட்டும் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நின்றார். கடைசியில் ஒரு வரைபடம். மற்றவர்களுக்கு முழுப் பச்சை. இவருக்கு அடி முதல் நுனி வரை சிவப்பு.

“நடுவுல என்ன பண்ணுனாங்க?” என்று கேட்டேன்.

“எதுக்கு நடுவுல மாமா?”

“ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல.”

“ஒரு படத்துல நின்னா, அடுத்த படம் வர்ற வரைக்கும் நிக்கறதா சிஸ்டம் எடுத்துக்கும்.”

வகுப்பில் பாதிப் பேர் எழுதிய அதே தவறான விடை. இங்கே அதற்குக் கலர் போட்டு வைத்திருந்தார்கள்.

“அப்ப இந்தம்மா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டே இருந்திருக்காங்க.”

“டேட்டா அதத்தான் மாமா சொல்லுது.”

“அப்ப அடிமடிப்பு எல்லாம் யாரு தெச்சது?”

மகன் யோசித்தான். “அதத்தான் நாம கண்டுபிடிக்கணும் மாமா.”

மேற்பார்வையாளரிடம் திரும்பினேன். அவர் இந்த மண்ணுக்காரர். முதலாளி, முதலாளி மகன், விசாரணை அதிகாரி மூவருக்கும் ஒரே நேரத்தில் ஆமாம் சொல்லக்கூடிய கழுத்து அவருக்கு.

“இவங்க வேல எப்படிங்க?”

“நல்ல வேலைங்க. ஆனா படத்துல வேற மாதிரி இருக்குதுங்க.”

“ஒரு நாளைக்கு எத்தன கட்டு முடிப்பாங்க?”

“போர்டுல எழுதறது லைன் மொத்தத்துக்குங்க. ஆளுக்கு இத்தனைன்னு எழுதறதில்லீங்க.”

“நீங்க கண்ணால பாத்திருப்பீங்கல்ல?”

“பாத்திருக்கறனுங்க. ஆனா நான் பாத்தது டேட்டா இல்லீங்களே.”

அந்த அம்மாவிடம் விளக்கம் கேட்டேன். தரையைப் பார்த்தபடி சொன்னார்: “மணி அடிச்சா எந்திக்கச் சொன்னீய. எந்திச்சேன். வேற என்னத்தச் சொல்ல சார்.”

“மத்தவங்களும் எந்திரிக்கணும்ல? படத்துல எல்லாரும் உக்காந்திருக்காங்களே?”

மேற்பார்வையாளர் திடீரென்று கூரையில் இருந்த டியூப்லைட்டில் ஏதோ பழுது கண்டுபிடித்தவர்போல அதையே பார்த்தார். தெரிந்தும் சொல்லாதவர்களின் முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பிட் அடித்தது யார் என்று கேட்டால் முழு வகுப்பும் அப்படித்தான் கூரையைப் பார்க்கும்.

விசாரணையைத் தள்ளிவைத்தேன். சம்பவ இடத்தைப் பார்வையிட அதிகாரிக்கு உரிமை உண்டு என்று மகனிடம் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டினேன். புத்தகத்தைத் தான் கொடுத்தது தவறோ என்பதுபோல அவன் பார்த்தான்.

மறுநாள் தையல் ஹாலின் ஒரு தூண் ஓரம், துணி ரோல் மேல் உட்கார்ந்தேன். வயதானவர், முதலாளிக்குச் சொந்தம், வேலை இல்லாதவர். இப்படிப்பட்டவர்களை இந்த ஊரில் யாரும் கவனிப்பதில்லை. ஹால் அதன் போக்கில் ஓடியது. இரண்டு பேர் ஒரு செல்போனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே யாரிடமோ பூ வாங்கினார். சிலர் வேகமாகத் தைத்தார்கள், சிலர் தைக்கப் போவதாக இருந்தார்கள். அந்த அம்மா மட்டும் நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடிக்கச் சற்று முன்னால் ஹாலில் ஓர் அசைவு வந்தது. செல்போன் பாவாடை மடிப்புக்குள் போனது. பூக்காரியிடம் கை மட்டும் ‘இரு’ என்று சொன்னது. நின்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்து மிஷின் மேல் கவிழ்ந்தார்கள். மணி அடித்தது. பெட்டியில் பச்சை விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. அந்த நொடியில் எழுந்து நின்றவர் ஒரே ஒருவர். கையில் முடித்த கட்டோடு, சொன்னபடி.

அடுத்த கணம் பின்வரிசையில் இருந்து ஒரு பீகார்க்காரரின் குரல்: “ஹோ கயா!” முடிந்தது என்று அர்த்தம். ஹால் முழுக்க முதுகுகள் நிமிர்ந்தன. செல்போன் வெளியே வந்தது. பூ பேரம் தொடர்ந்தது.

மூன்று மொழி பேசும் ஹால் அது. பெட்டியைப் பற்றி மட்டும் மூன்று மொழியும் ஒரே வாரத்தில் ஒரே முடிவுக்கு வந்திருந்தது. மணிக்கும் படத்துக்கும் கடிகாரம் ஒன்றுதான். ப்ரோக்ராமர் சோம்பேறித்தனத்தில் ஒரே நேரக்கணக்கை இரண்டுக்கும் போட்டுவிட்டார். மணி எழச் சொல்கிறது, படம் உட்கார்ந்திருக்கிறாயா என்று பார்க்கிறது. மற்றவர்கள் படத்துக்குக் கட்டுப்பட்டார்கள். இவர் மணிக்குக் கட்டுப்பட்டார். எவ்வளவு ஒழுங்காக எழுந்தாரோ அவ்வளவு ஒழுங்காக மாட்டினார். கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருந்தால், சில படங்களிலாவது தப்பியிருப்பார்.

எங்கள் பாடத்தில் இதை முதல் பருவத்திலேயே எச்சரிப்போம். ஒரு சக்கரம் சுற்றி முடிக்கும் அதே நேர இடைவெளியில் படம் எடுத்தால், சக்கரம் நின்றுகொண்டிருப்பதாகத்தான் தெரியும். சக்கரத்தின் மேல் குற்றச்சாட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

டீ இடைவேளையில் அந்த அம்மாவை ரேக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“அம்மா, மணி அடிக்கறப்போதான் படம் எடுக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“எல்லாருக்கும் தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் எந்திரிக்கறீங்க?”

“மணி அடிச்சா கட்ட வைக்கணும்லா? எனக்கு அந்தத் தாளம் பழகிப் போச்சு. இடையில குனிஞ்சு உக்காந்து நடிச்சா கை நின்னுரும். திருப்பிப் பிடிக்க நேரமாவும்.”

“இத விசாரணையில சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா மத்த பிள்ளையல்லாம் மாட்டிக்கிடும். ஒரு ஆளுக்காவ முப்பது பேரு போவணுமா? வேண்டாம் சார். நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்கிடுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பரீச்ச முடியுற வரைக்கும் வீட்ட மட்டும் கேட்டுத் தாங்க. அவ ராத்திரி கொஞ்சம் சத்தமா வாசிப்பா. வேற எடத்துல ஒத்துக்கிட மாட்டாவ” என்றார்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த டெய்லர் ஒருத்தி குரல் கொடுத்தாள். “ஏக்கா, உன்ன யாரு மணியக்காரி மாதிரி முறையா எந்திரிக்கச் சொன்னது? நாங்கெல்லாம் எத்தன வாட்டி சொன்னோம், குனியுக்கா குனியுக்கான்னு.”

“நீ குனிஞ்ச லெச்சணந்தான் சட்டையில தெரியுதே. மடிப்பு பாம்பு போறாப்புல போவுது” என்றார் இவர். கூட்டம் சிரித்தது. தன் வேலை போகப்போகிறது என்று தெரிந்த ஒருவர் அடுத்தவள் தையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே டீ கிளாஸைக் கழுவினாள்.

என் நிலைமை சிக்கலானது. நான் கண்டதை அப்படியே எழுதினால் இவர் தப்புவார், ஹால் முழுக்க மாட்டும். எழுதாவிட்டால் இவரும் இவர் மகளும் தெருவுக்கு வருவார்கள். இந்த இடத்தில் நல்ல மனதுக்காரர்கள் மனம் உருகுவார்கள். நான் நாள்காட்டியைப் பார்த்தேன்.

இன்றைக்குக் கொடுத்த அதே உள்ளீட்டுக்கு நாளையும் அதே வெளியீடு வந்தால் அந்த சிஸ்டம் காலத்தால் மாறாதது என்போம். பனியன் கம்பெனி அப்படி இல்லை. சாதாரண வாரத்தில் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் கேட்டை மூடுவார்கள். சரக்குக் கப்பலுக்குப் போகும் ஷிப்மென்ட் வாரத்தில் மதியத்துக்கு வந்தாலும் “வாங்கண்ணு, சாப்பிட்டீங்களா?” என்பார்கள். அந்த வாரத்தில் இந்த ஊரில் எதுவும் குற்றமல்ல. அடுத்த ஷிப்மென்ட் எப்போது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுவைத்துக்கொண்டேன். நான் துணி ரோல் மேல் உட்கார்ந்ததைவிட இந்தக் கேள்விதான் அவருக்கு விநோதமாக இருந்தது.

ஷிப்மென்ட் வாரம் வந்ததும் மகனுக்கு எழுத்தில் ஒரு குறிப்பு அனுப்பினேன். சாட்சியத்தைச் சரிபார்க்கும் பொருட்டு, மணி வழக்கப்படி அடிக்க வேண்டும், ஆனால் படம் மணியோடு சேராமல் ஒழுங்கற்ற நேரங்களில் எடுக்கப்பட வேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது. மகனுக்குச் சந்தேகமே வரவில்லை. “இன்னும் நெறைய எவிடன்ஸ் கெடைக்கும் மாமா” என்று மகிழ்ந்தான். ப்ரோக்ராமருக்கு அவனே போன் செய்தான்.

கிடைத்தது. இரண்டாவது விசாரணைக்கு மச்சினனும் வந்து உட்கார்ந்தான். படங்கள் ஓடின. அந்த அம்மா கிட்டத்தட்ட எல்லாப் படத்திலும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் பலவிதமாக இருந்தார்கள். கொட்டாவி விட்டார்கள், பின்னல் போட்டுக்கொண்டார்கள், ஜன்னலோரம் கூடினார்கள். ஒரு படத்தில் இருவர் ஒரு கட்டின் மேல் தாயக்கட்டம் வரைந்திருந்தார்கள். தைத்தவர்களும் இருந்தார்கள். இல்லாவிட்டால் சரக்கு எப்படிப் போகும்? வரைபடத்தில் பச்சையும் சிவப்பும் இடம் மாறியிருந்தன.

அவற்றுக்கு நடுவே ஒரு படத்தில், ஹாலின் நடுவழியில் ஒருவர் போனில் பேசிக்கொண்டு நின்றார். அதற்கடுத்ததிலும் அவரே. மூன்றாவதிலும். அவரைச் சுற்றி சிஸ்டம் சிவப்புக் கட்டம் போட்டு ‘வேலையற்ற டெய்லர்’ என்று எழுதியிருந்தது.

மச்சினன் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தான். “இது யாருங்க மச்சான்?”

“உன்ற பையன் மாப்ளே.”

மகனின் காது சிவந்தது. “அது கிளையன்ட் கால் பா.” பிறகு கோபம் ஹால் பக்கம் திரும்பியது. “பாத்தீங்களா மாமா? எல்லாருமே ஏமாத்தியிருக்காங்க. அத்தன பேருக்கும் சார்ஜ் ஷீட் கொடுக்கலாம்.”

“தாராளமா” என்றேன். “ஆளுக்கு ஒரு குற்றச்சாட்டு, ஆளுக்கு ஒரு விளக்கம், ஆளுக்கு ஒரு விசாரணை. எல்லாம் அவங்கவங்க மொழியில. இந்திக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும், ஒடியாவுக்கு ஒருத்தர். விசாரணை நடக்கற நேரத்துல அவங்கள மிஷின்ல உக்கார வெக்கக் கூடாது. நாளைக்கே ஆரம்பிச்சரலாமா?”

மச்சினனின் முகம் தொங்கியது. கண்டெய்னர் எந்த நாளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் போக வேண்டும் என்று அவனுக்கு இருந்த நினைவு சாதாரணமானதல்ல.

“கண்ணு,” என்று மகனிடம் மிக மெதுவாகச் சொன்னான், “அந்தக் கேமராவ அணச்சுப்போடு.”

“அப்பா, அப்ப மானிட்டரிங்...”

“அணச்சுப்போடு சாமி. நானே ரவுண்டு வந்துக்கறேன்.”

முடிவை அன்றே எழுதினேன். சாட்சியமாக வைக்கப்பட்ட படங்கள், சம்பந்தப்பட்டவர் எழ வேண்டும் என்று நிர்வாகமே விதித்த கணத்தில் மட்டும் எடுக்கப்பட்டவை. ஆகையால் எழுந்து நின்றதற்குச் சாட்சி, வேலை செய்யாததற்குச் சாட்சி ஆகாது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மற்ற ஊழியர்களைப் பற்றி விசாரணைக்கு உத்தரவிடப்படவில்லை, ஆகவே கருத்துக் கூற அதிகாரிக்கு அதிகாரமில்லை. கடைசி வாக்கியத்தை நான் மிகவும் ரசித்து எழுதினேன். எல்லை தாண்டாத அதிகாரியைப் போல உபகாரமான பிராணி உலகில் இல்லை. பின்னாலேயே நான்கு நகல். மச்சினன் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டான். தேதி போடாத பழைய உத்தரவை நானே கிழித்தேன். அதற்கு நடைமுறை கிடையாது, ஆனாலும் கிழித்தேன்.

அந்த அம்மா நகலை வாங்கிப் படிக்கவில்லை. “அப்ப வீடு?” என்று மட்டும் கேட்டார்.

“உங்களுதுதான். வேலை இருக்கற வரைக்கும்.”

“சரி சார்.” கதவு வரை போய்த் திரும்பி மகனைப் பார்த்தார். “தம்பி, கேமராவ அணச்சாலும் மணிய அணச்சுராதீய. எனக்கு அது வேணும்.”

மகன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பெட்டிக்கு ஓர் ஆதரவாளரைக் கண்டான். நன்றி சொல்ல வேண்டுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பொதுத்தேர்வு முடிந்தது. அந்த அம்மாவின் மகள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். சொந்த ஊர்ப் பக்கமே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. சில நாட்களில் அந்த அம்மா மேற்பார்வையாளரிடம் ஒரு தாளை நீட்டினார். இன்ன தேதியோடு வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட விலகல் கடிதம். இந்த ஊரில் வேலையை விடும் வழக்கம் வேறு. சனிக்கிழமை சம்பளத்தை வாங்குவார்கள், திங்கட்கிழமை வர மாட்டார்கள், அவ்வளவுதான். முறையாக முன்னறிவிப்புக் கொடுத்த டெய்லரை மேற்பார்வையாளர் அன்றுதான் பார்த்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

இதற்குள் மச்சினன் தினமும் ஹாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இல்லை, தோன்றும்போதெல்லாம். எந்த மிஷினில் இருந்து எது வருகிறது என்று அவன் கண்ணுக்கே தெரிந்திருந்தது. சாயங்காலம் என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

“ஏனுங்க மச்சான், அந்தம்மா போறாங்களாமா? அடிமடிப்பு அத்தனையும் அவங்க கைலதானுங்க ஓடுது. இருக்கச் சொல்லறதுக்கு ஏதாச்சும் ப்ரொசீஜர் இருக்குதுங்களா?”

“அந்தப் புத்தகத்துல அனுப்பறதுக்குத்தான் பக்கம் பக்கமா இருக்குது மாப்ளே. இருக்கச் சொல்லணும்னா நீயே ஊட்டுக்குப் போயிக் கேக்கணும்.”

“நானுங்களா? டெய்லர் ஊட்டுக்கா?”

“உன்ற காம்பவுண்டுக்குப் பின்னாலதான இருக்குது.”

கொஞ்ச நேரம் வேட்டி நுனியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனான். மறுநாள் காலையிலேயே வந்தான். உட்காரவில்லை.

“போயிருந்தனுங்க. மூட்டை கட்டிட்டு இருந்தாங்க. அந்தப் புள்ள டம்ளர்ல தண்ணி குடுத்துது. ‘வாங்க மொதலாளி, சாவியக் குடுக்க நானே வரணும்னு இருந்தேன்’னாங்க. கைல குடுத்துட்டாங்க. ‘செவுத்துல ரெண்டு ஆணி இருக்கு, பிடுங்கினா சுண்ணாம்பு பேந்துரும்னு விட்டுட்டேன்’னாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“ஆணி இருக்கட்டுமுங்கன்னு சொன்னேன்.”

“இருங்கன்னு?”

“அது வாயில வரலீங்க மச்சான்” என்றான். சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டான்.